பிளஸ் டூல பயாலஜி, நீட் எழுத விருப்பமில்ல, விலங்கியல் ஆய்வாளர் ஆகணும், வழி என்ன?

தாராளமா ஆகலாம் தம்பி, நீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. முதல்ல பிஎஸ்சி விலங்கியல், பக்கத்துல இருக்குற அரசு கல்லூரியே போதும். எம்எஸ்சிதான் முக்கியம், அங்கதான் நீங்க லேபுக்குப் போறீங்களா காட்டுக்குப் போறீங்களான்னு முடிவாகும். காடுன்னா மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏவிசி கல்லூரில காட்டுயிர் உயிரியல் இருக்கு, டேராடூன்ல இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூர்ல என்சிபிஎஸ்ங்கிற தேசிய உயிரியல் அறிவியல் மையம், இது ரெண்டுலயும் சீட் ரொம்பக் கம்மி, நுழைவுத்தேர்வு, இன்டர்வியூ எல்லாம் உண்டு.

டிகிரி படிக்கும்போதே ஃபீல்டு வேலை பழகிக்கோங்க, இதை நான் அழுத்தியே சொல்றேன். கணக்கெடுப்புன்னா விடியகாலைல ஒரு நேர்கோட்டுப் பாதைல சத்தமில்லாம நடக்கணும், மான் கூட்டம் தெரிஞ்சா எத்தனை, எவ்வளவு தூரம், எந்தக் கோணம்னு உடனே குறிக்கணும், அந்தத் தூரத்தையும் கோணத்தையும் வச்சுத்தான் அந்தக் காட்டுல எவ்வளவு இருக்குன்னு கணிப்பாங்க, அதனால புள்ளியியலும், அந்தக் கணக்கைப் போடுற ஆர் (R) மென்பொருளும் கத்துக்கிட்டே ஆகணும்.

அப்புறம் வேலை. கோவை ஆனைகட்டில சலீம் அலி பறவையியல் மையம், 1916ல ஆரம்பிச்ச இந்திய விலங்கியல் ஆய்வகம், இங்கெல்லாம் ப்ராஜெக்ட் வேலை வரும், ஆனா பெரும்பாலும் ஒப்பந்தம்தான், வீட்ல இதை முன்கூட்டியே சொல்லிடுங்க. நெட்ங்கிற தேசிய தகுதித் தேர்வுல ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வாளர் தகுதி, வாங்கிட்டா பிஎச்டிக்கு மாசாமாசம் உதவித்தொகை கிடைக்கும்.