ஷாம்புவில் பாரபென்: அஞ்ச வேண்டுமா?

கேள்வி: பாரபென் கலந்த ஷாம்புவால் மார்பகப் புற்றுநோய் வரும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: சகோதரி, பாரபென் என்பது ஷாம்பு, களிம்பு போன்றவற்றில் கிருமிகள் வளராமல் தடுக்கச் சேர்க்கப்படும் பாதுகாப்புப் பொருள். 2004இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் மார்பகக் கட்டித் திசுக்களில் பாரபென்னைக் கண்டறிந்ததிலிருந்தே இந்த அச்சம் பரவியது; ஆனால், நலமான திசுக்களுடன் அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்காததால், நோய்க்குக் காரணம் பாரபென்தான் என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது. அது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைப் போல மிக மெலிதாகச் செயல்படக்கூடியது என்பது மெய்யே. ஐரோப்பிய ஒன்றியம் பாரபென்னுக்கு அளவு வரம்பு விதித்து, அதன் ஐந்து வகைகளை 2014இல் தடையும் செய்தது.

என் கவலை ஃபார்மால்டிஹைடு பற்றியதே. முடியை நேராக்கும் சில கலவைகளைச் சூடாக்கும்போது வெளியாகும் இவ்வாயு, புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிசெய்யப்பட்ட பொருள். நாள் முழுதும் அதைச் சுவாசிக்கும் சலூன் பணிப்பெண்களே முதலில் காக்கப்பட வேண்டியவர்கள். பாதுகாப்புப் பொருளே இல்லாத களிம்பில், நம் வெப்பத்தில், கிருமிகள் விரைந்து பெருகும் என்பதால், பாரபென்னை அடியோடு ஒதுக்கத் தேவையில்லை.