எம்.டி. பொது மருத்துவப் பயிற்சி: கேள்வி பதில்

எம்.டி. மாணவர்களுக்குப் பல வருஷம் பாடம் எடுத்தவன் என்பதால் என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். கேட்டவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள், ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். பயிற்சியைப் பற்றிக் கேளுங்கள், மாத்திரை பெயர் கேட்காதீர்கள்.

குலசேகரம்: முதுநிலை மாணவர்களை மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புகிறார்களே, வீண்தானே சார்?

2020-ல் வந்த விதி அது. மூன்று, நான்கு அல்லது ஐந்தாம் செமஸ்டரில் போக வேண்டும். வீணா இல்லையா என்பது அங்கே என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு நுழைவுத்தேர்வு புத்தகத்தைப் புரட்டினால் வீண்தான்.

அங்கே நோயாளியாக வரும் உங்கள் ஊர் ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் போய்விடுவார். வயிற்றில் ஒரு கட்டன் சாயா (பால் இல்லாத டீ) மட்டும். சாப்பாடு பத்து மணிக்கு மேல்தான். டாக்டர் சீட்டில் சுகரைக் குறைக்கும் மாத்திரை, 'கிளிமிபிரைடு, காலை சாப்பாட்டுக்கு முன்' என்று இருக்கும். அவர் சாயாவோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேடு ஏறுவார். எட்டு மணிக்கு வேர்த்துக் கொட்டி மரத்தடியில் விழுவார். சுகர் இறங்கிவிட்டது. மருந்தும் தப்பில்லை, டோஸும் தப்பில்லை. எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. தொழில் கேட்காத கேஸ் ஷீட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

தக்கலை: அம்மாவுக்கு சுகர் 280. என்ன மாத்திரை கொடுக்கலாம்?

இங்கே சொல்ல முடியாது. டாக்டரிடம் நேரில் காட்டுங்கள்.

தூத்தூர்: ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இன்சுலின் எழுத டாக்டர்கள் பயப்படுகிறார்கள். ஏன்?

நல்ல கேள்வி. போட்டில் வாரக்கணக்கில் இருக்கிறவரிடம் 'ஃப்ரிட்ஜில் வையுங்கள்' என்றால், மீன் ஐஸ் மேலேயே மருந்தை வைத்துவிடுவார். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது, தூக்கித்தான் போட வேண்டும். திறந்த குப்பி அதிக வெயில் படாமல் இருந்தால் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். ஈர மணல் போட்ட மண்பானைக்குள் வைத்தால் போதும். இதைச் சொல்லித் தரத் தெரிந்தால் பயம் எதற்கு? ஆனால் போட்டில் அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். மறுபடியும் தொழில்!

மார்த்தாண்டம்: மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) நிறுத்தினாலே நம் மாவட்டத்தில் பாதி சுகர் போய்விடும். அதை ஏன் மாணவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை?

அருமனை (இடையில்): எங்கள் தாத்தா மரச்சீனியும் மத்திக் கறியும் தின்றே தொண்ணூறு வயசு இருந்தார்!

மார்த்தாண்டம்: உங்கள் தாத்தா தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார். நீங்கள்?

சரி, சரி. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு இது. அரிசி இல்லாத காலத்தில் நம் மக்களைக் காப்பாற்றியது. 'நிறுத்து' என்கிற டாக்டரிடம் நோயாளி தலையாட்டிவிட்டு வீட்டில் தின்னத்தான் செய்வார். அளவைக் குறை, சோற்றோடு சேர்க்காதே, மீனைக் கூட்டு என்று சொன்னால் கேட்பார். தாத்தா விஷயத்தில் மார்த்தாண்டம் சொல்வதுதான் சரி, உழைப்பு போய்விட்டது.

கணையத்தில் கல் வந்து சுகராகும் ஒரு நோய் கேரளத்தில் அதிகம் பேசப்பட்டது. அதற்கும் மரச்சீனியைத்தான் சந்தேகப்பட்டார்கள், நிரூபணமாகவில்லை. பிறகு சிலரிடம் மரபணு மாற்றம் இருப்பது தெரிந்தது. மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒல்லியான இளைஞன், அடிக்கடி வயிற்றுவலி, சுகரும் இருக்கிறது என்றால் ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கல் இருந்தால் வெள்ளையாகத் தெரியும்.

அருமனை: அப்போ தினமும் தின்னலாமா?

இல்லை.

திங்கள்சந்தை: சித்தப்பாவுக்கு சுகர் 310...

தக்கலைக்குச் சொன்னதுதான்.

கருங்கல்: மரச்சீனியை ஊற வைத்து...

இனி மரச்சீனிக்குப் பதில் கிடையாது. அடுத்தவர்.

பேச்சிப்பாறை: பாம்புக்கடிக்குப் பயிற்சி டாக்டர் முதலில் எதைக் கற்க வேண்டும்?

ஒரு கண்ணாடிக் குழாயை. சுத்தமாக, காய்ந்திருக்க வேண்டும். அதில் கொஞ்சம் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் ஆட்டாமல் வைத்துச் சரித்துப் பாருங்கள், உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன், சுருட்டை போன்றவற்றின் விஷத்தைச் சந்தேகிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் நம்மை ஏமாற்றும். நம் விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்குக்கும்தான். ரப்பர் காட்டில் சருகுக்குள் கிடக்கிற குழிவிரியனுக்கு அது கேட்காது. எத்தனை குப்பி ஏற்றியும் ரத்தம் உறையவில்லை என்றால், மேலும் ஏற்றாமல் எங்கே, எந்த வேலை செய்யும்போது கடித்தது என்று விசாரித்துவிட்டு சீனியரைக் கூப்பிடுங்கள். சிறுநீர் அளவைக் குறித்து வையுங்கள், கிட்னி போகிறதா என்பது அதில்தான் முதலில் தெரியும்.