கேளுங்கள் தம்பி

கேள்வி: ஐயா, வேலையை விட்டுவிட்டுக் சென்னை கண்ணகி நகரில் கிறிஸ்தவ ஊழியம் செய்கிறேன். காணிக்கை வாடகைக்கே போதவில்லை. சிலர் மிரட்டுகிறார்கள். இவ்வளவு பயம் வருகிறதே, எனக்குக் கடவுளின் அழைப்பே இல்லையோ?

பதில்: பயத்தை வைத்து அழைப்பை அளக்காதீர்கள் தம்பி. கர்மேல் மலையில் தைரியமாக நின்ற எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலுக்கு ஓடிப்போய்ச் சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டார். பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அங்கே திட்டு இல்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம். அப்புறம்தான் வேலை, துணைக்கு எலிசா என்ற சீடர்.

புளியந்தோப்பில் நான் ஊழியம் செய்தபோது வீட்டுக்காரரைக் கண்டால் சந்து மாறிப் போவேன். மனைவியின் தையல் மெஷின்தான் வாடகை பாக்கியை அடைத்தது. அப்போஸ்தலர் பவுலே கொரிந்து பட்டணத்தில் கூடாரம் செய்து பிழைத்தாரே! பகுதிநேர வேலை தேடுங்கள். மிரட்டலைச் சபை மூப்பர்களிடம் சொல்லுங்கள். சரி, இரவில் தனியாகப் போகாதீர்கள். இயேசுவே சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார்.