ஜெர்மனி போய் ஏர் பிஸ்டல் வாங்கப்போகும் தம்பிக்கு

அயனாவரத்துத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். மார்ச்சில் ஸ்டுட்கார்ட்டுக்கு மேல்படிப்புக்குப் போகிறார். எழும்பூர் ரைஃபிள் கிளப்பில், கிளப்பின் ஏர் பிஸ்டலை, அதாவது அடைத்த காற்றால் சுடும் போட்டித் துப்பாக்கியை வைத்து, பத்து மீட்டர் தூரம் சுட்டுப் பழகியவர். அங்கே போனதும் சொந்தமாக ஒன்று வாங்கிவிட வேண்டுமாம். வால்தர் எல்பி500, ஸ்டையர் ஈவோ 10, மொரினி சிஎம்162 ஆகிய மூன்றில் எது நல்லது, ஒவ்வொன்றிலும் இத்தனை ரகம் ஏன், எங்கே விலை குறைவு என்று கேட்கிறார். கூடவே ரூம், பார்ட் டைம் வேலை, குளிர், அரிசி.

பின்பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். அரிசி எல்லா ஊரிலும் கிடைக்கிறது. குளிருக்கான ஜாக்கெட்டை தி.நகரில் வாங்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். ரூம் கிடைப்பது கஷ்டம், ஆனால் கிடைக்கும். மற்றதையெல்லாம் ஏஜென்ட் உங்கள் காதில் ஓதியிருப்பார். பிஸ்டல் பற்றித்தான் யாரும் உங்களுக்குச் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

ஜெர்மனியில் இருக்கும் நான் இப்போது விடுமுறைக்குப் புரசைவாக்கம் வந்திருக்கிறேன். நான் சுடுகிறேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, “அது கோடி ரூபாயாமே?” 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வாங்கியபோது கிளம்பிய புரளி இது. ஒன்றரை லட்சத்திலிருந்து 1.85 லட்சம் வரை ஆகும், மாடலைப் பொறுத்தது, ஒருமுறை செய்கிற செலவு என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டார். ஜெர்மனியிலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். நீங்கள் சொன்ன மூன்றும் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் யூரோவுக்குள் சுற்றும். ஹெமர்லி ஏபி20 மாதிரி ஆரம்பநிலை ஒன்று ஆயிரத்தை ஒட்டி வரும். வால்தரின் பழைய எல்பி300, ஸ்டையரின் பழைய எல்பி10 போன்றவை நல்ல நிலையில் ஐந்நூறு, அறுநூறிலிருந்து கிடைக்கும். 19 சதவீத வரி விலைக்குள்ளேயே இருக்கும்.

ஆகவே ‘அங்கே சல்லிசாகக் கிடைக்கும்’ என்ற எண்ணத்தை விடுங்கள். ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி ஐந்நூறு குறைக்கிற வித்தையும் அங்கே எடுபடாது. ஒரே மாடலுக்குக் கடைக்குக் கடை ஐம்பது யூரோ வித்தியாசம் இருந்தால் அதிகம். அதைத் தேடி ராத்திரி முழுக்க இணையத்தில் உட்கார்ந்திருக்கிற நம்மவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐம்பது யூரோவை மிச்சப்படுத்திவிட்டு, கைக்குச் சேராத கிரிப்போடு, அதாவது கைப்பிடியோடு, திரிவார்கள்.

ரகங்களுக்குள் விலை ஏன் ஏறுகிறது என்று கேட்டீர்கள். முதல் காரணம் டிரிகர். பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்து ‘இ’ இருந்தால் மின்னணு டிரிகர், சில நூறு யூரோ கூடுதல். விரல் பட்டதும் கண்ணாடி உடைவது போல் சுத்தமாக விடுபடும், ஆனால் மின்கலத்தைக் கவனிக்க வேண்டும். எந்த டிரிகராக இருந்தாலும் போட்டி விதிப்படி 500 கிராம் எடையைத் தாங்கியாக வேண்டும். அடுத்தது அதிர்வை உறிஞ்சும் பாகம். விலை குறைந்த பல ரகங்களில் அது இருக்காது. பிறகு நீளம். காம்பாக்ட் என்று போட்டிருப்பது சின்னக் குழல், இளையவர்களுக்கும் எடை தாங்காத தோளுக்கும். மீதிக் காசெல்லாம் நிறத்துக்கும் பெட்டிக்கும்தான். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். நீல நிறக் குழல் அதைப் பெரிதாக்கிக் காட்டாது.

காசு கொடுக்க வேண்டியது கிரிப்புக்கு. எஸ், எம், எல் என்று அளவு வரும், இடக்கை வலக்கை தனித்தனி. இங்கே கையை அளந்து எம் என்று முடிவு பண்ணிவிட்டுப் போவீர்கள். சென்னை வெயிலில் கை கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். ஜனவரியில் அங்கே போய்ப் பிடித்தால் அதே கை சுருங்கி, கிரிப்புக்குள் காற்று போகும். அதனால் அங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பல கிரிப்புகளைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

நான் போய் இறங்கியது 1998 குளிர்காலத்தில். ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே சின்ன ஊர். பாஷை வராது, அலுவலகம் விட்டால் போக இடமில்லை, நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஊர் கிளப்பின் நிலவறையில் பத்து மீட்டர் தளம் இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், தலையசைத்தார்கள், திரும்பிக்கொண்டார்கள். வாரக்கணக்கில் இதே கதைதான். ‘குட்டன் ஆபெண்ட்’ (மாலை வணக்கம்) என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அன்றைய பேச்சு. கிளப்பின் பழைய ஃபைன்வெர்க்பாவ் 65 ரக பிஸ்டல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பக்கவாட்டு நெம்புகோலை இழுத்து மடக்கிச் சுடுவது, காற்றுச் சிலிண்டர் எல்லாம் கிடையாது. கிரிப் யாரோ ஒரு ராட்சசக் கைக்குச் செய்தது.

ஒரு நாள் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் பக்கத்தில் வந்தார். ஒன்றும் பேசவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், பிஸ்டலை வாங்கினார், பட்டறைக்குப் போனார். மரப் பசையைக் குழைத்துக் கிரிப்பின் உள்பக்கம் அப்பி, ஈரத்தோடு என் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். காய்ந்ததும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்தார். கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே ஒரு இடம், சுண்டுவிரல் உட்காரும் ஓரம், இரண்டிலும்தான் அதிக நேரம் செலவழித்தார். அதற்குப் பிறகு பிஸ்டலைத் தூக்கினால் குறிபார்க்கும் முன்காட்சி தானாகவே பின்காட்சியின் பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது. இந்த வேலையை இரண்டாயிரம் யூரோ பெட்டிக்குள் போட்டு யாரும் விற்பதில்லை.

சரி, மூன்றில் எது? ஸ்டுட்கார்ட்டில் இருக்கப்போகிறவருக்கு என் பதில் வால்தர், அல்லது நீங்கள் பட்டியலிலேயே சேர்க்காத ஃபைன்வெர்க்பாவ். காரணம் தரமில்லை. நாலுமே உலகப் போட்டிகளில் சுடுகிற சாமான்கள். காரணம் தூரம். வால்தர் இருப்பது உல்மில். 2022 டிசம்பரில் புதுப் பாதை திறந்த பிறகு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆவதில்லை. ஃபைன்வெர்க்பாவ் ஓபர்ன்டார்ஃபில், அதே மாநிலம், நெக்கார் ஆற்றங்கரை. ஸ்டையர் ஆஸ்திரியாவில். மொரினி சுவிட்சர்லாந்தில், அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே, பழுதுக்கு நேராக அனுப்பினால் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். எந்த பிஸ்டலும் ஒரு நாள் மக்கர் பண்ணும். 2021 டோக்கியோவில் மனு பாக்கருக்குப் போட்டி நடுவில் பிஸ்டலின் நெம்புகோல் உடைந்து, நிமிடங்கள் கரைந்து, இரண்டு புள்ளியில் இறுதிச்சுற்று போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு அது ஒலிம்பிக்ஸில் நடக்காது, வட்டாரப் போட்டிக்கு முந்தின வாரம் நடக்கும்.

பழையது வாங்குவதாக இருந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, உடலில் ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ என்ற முத்திரை. குண்டின் ஆற்றல் 7.5 ஜூலுக்கு மேல் போகாத காற்று ஆயுதம் என்று பொருள். அது இருந்தால் பதினெட்டு வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமல் வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்து அந்த முத்திரை இல்லாமல் இருந்தால், அதே மாடல், அதே சக்தி என்றாலும் உரிமம் கேட்கும். இணையத்தில் யாரோ இத்தாலியிலிருந்து இருநூறு யூரோ குறைத்துத் தருகிறார் என்றால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இரண்டாவது, சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. பத்து ஆண்டுதான் ஆயுள். தாண்டியதைப் போட்டிக்குக் கொண்டுபோனால் சாமான் பரிசோதனையில் ஒதுக்கிவிடுவார்கள். புது சிலிண்டர் நூற்றைம்பது யூரோ பக்கம் வரும், அதை விலையில் கழித்துப் பேசுங்கள். இங்கே மட்டும் பேரம் பேசலாம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. கிளப்புக்குக் கொண்டுபோகும்போது பிஸ்டல் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். ஜிப் போட்ட பை போதாது, பூட்டு வேண்டும். வீட்டிலும் மற்றவர் கைக்கு எட்டாமல் பூட்டித்தான் வைக்க வேண்டும். ஒரே அறையில் மூன்று பேர் தங்கி, கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிற கதை வேண்டாம். அப்புறம், வீட்டில் ட்ரை ஃபயர், அதாவது குண்டு போடாமல் டிரிகரை அழுத்திப் பழகுவது, பண்ணுவீர்கள், எல்லோரும் பண்ணுவோம். ஜன்னல் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டுப் பண்ணுங்கள். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு இந்திய மாணவர் விளக்கைப் போட்டு, திரையை விலக்கி, சுவரைக் குறிபார்த்து நின்றிருக்கிறார். எதிர் வீட்டிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? இரண்டு போலீஸ் வண்டி வந்தது. சட்டப்படி அவர் மேல் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் மறுமாதம் வீட்டுக்காரர் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

இதைவிட மோசம் ரீல்ஸ் கோஷ்டி. சத்தம் மட்டும் போடும் பிஸ்டல் ஒன்று கடையில் கிடைக்கும், அசல் மாதிரியே இருக்கும். அதை வாங்கிப் புத்தாண்டு இரவில் இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய் வீடியோ எடுக்கிறார்கள். அதை வெளியில் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும்; அனுமதி இருந்தாலும் இஷ்டத்துக்குச் சுட முடியாது. அசல் போலத் தெரியும் பொம்மையைத் தெருவில் வைத்திருந்தால்கூட பத்தாயிரம் யூரோ வரை அபராதம் போடலாம். விசா நீட்டிக்கப் போகும்போது அந்த வழக்கு உங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அந்தப் பையன்களோடு ஒரே படத்தில்கூட நிற்காதீர்கள்.

தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்கள் வேறு மாதிரி. ‘துப்பாக்கியா, ஐயையோ’ என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பொங்கல் விழாவில் என்னைப் பார்த்தால் இன்றும் ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். இத்தனை வருஷமாக அதே ஜோக். இருபது ஆண்டு அங்கே வாழ்ந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள் இவர்கள். நான் எங்கள் கிளப்பின் பொருளாளர். சந்தா வசூல், பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) டப்பாக் கணக்கு, திருவிழாவில் பீர் கூப்பன் கணக்கு, எல்லாம் என்னிடம். அந்த வட்டாரத்து ஸ்வாபியப் பேச்சு வழக்கில் என்னிடம் சண்டை போடுகிறார்கள், நானும் அதிலேயே திருப்பிப் போடுகிறேன். ஜெர்மன் துப்பாக்கி சுடுவோர் சங்கம் 1861இல் கோத்தாவில் தொடங்கியது. கிளப் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் வயதுக்கு, பாஷை வகுப்பைவிட அந்த நிலவறை சீக்கிரம் பேச வைக்கும்.

உண்மையான தோட்டா பிஸ்டல் பற்றி ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். குறைந்தது ஓராண்டு கிளப்பில் முறையாகச் சுட்டிருக்க வேண்டும், தேர்வு இருக்கிறது, இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலானவற்றுக்கு மனநலச் சான்றும் கேட்பார்கள். படிப்பை முடியுங்கள், பிறகு பேசலாம்.

கடைசியாக, வாங்கி ஊருக்குக் கொண்டுவருவது. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர், ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் இந்தியாவில் உரிமம் வேண்டாம் என்பது சரி. அதனால் சூட்கேஸில் போட்டு மீனம்பாக்கத்தில் இறங்கிவிடலாம் என்பது சரியில்லை. இறக்குமதிக்குத் தனி விதி, காகிதம் இல்லாவிட்டால் சுங்கத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள். சிலிண்டரைக் காலி செய்யாமல் விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். என்னுடையது அங்கேயே கிளப் பெட்டகத்தில் கிடக்கிறது.

முதல் வருஷம் வாங்கவே வாங்காதீர்கள், கிளப் சாமானில் சுடுங்கள். ஊர் போய் விலாசம் பதிந்ததும் எழுதுங்கள், பக்கத்தில் எந்தக் கிளப்பில் உங்கள் கைக்கான கிரிப் இருக்கிறது என்று கேட்டுச் சொல்கிறேன். நீங்கள் இடக்கையா வலக்கையா என்று எழுதவே இல்லையே?