ஆறின அல்சர் ஏன் திரும்ப வருகிறது? குடல் மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி: இரண்டு வருடம் முன்பு முன்சிறுகுடலில் (இரைப்பையை ஒட்டிய சிறுகுடலின் முதல் பகுதி) புண். ஆறு வாரம் பான்டோபிரசோல் சாப்பிட்டு ஆறிவிட்டது. இப்போது நடுராத்திரியில் அதே எரிச்சல். காரத்தை அன்றே விட்டுவிட்டேனே?

பதில்: பாவம் மிளகாய், செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்கிறது. அந்த மாத்திரை அமிலத்தை அடக்கியது, புண் ஆறியது. புண் எதனால் வந்தது என்று யாராவது பார்த்தார்களா? பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமிதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் அதை வளர்த்துக் காட்டியபோது பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அமிலத்தை மட்டும் அடக்கிய காலத்தில் ஆறின புண்களில் பாதிக்கு மேல் ஒரே வருடத்தில் திரும்பின. கிருமியை ஒழித்தால் நூற்றுக்குப் பத்துகூடத் திரும்புவதில்லை. பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கிருமிக்கு 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள். வாயெல்லாம் கசப்பு. ஆறாம் நாளே வலி போனதால் நிறுத்திவிட்டேன்.

பதில்: வலிதான் போனது, கிருமி போயிருக்காது. அரைகுறையாக அடிபட்டது மருந்துக்குப் பழகியும் இருக்கலாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மருந்தை மாற்றுவார். பிஸ்மத் என்ற மருந்து சேர்ந்தால் மலம் கறுக்கும், பயப்படாதீர்கள்.

கேள்வி: மருந்தை முழுசாக முடித்தேன். ரத்தப் பரிசோதனையில் இன்னும் ‘பாசிட்டிவ்’ வருகிறதே?

பதில்: ரத்தம் பழைய சண்டையை வருடக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். யூரியா மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யுங்கள். கிருமி மருந்து முடிந்து நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும். அமிலத்தை அடக்கும் மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லி இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்குக் கிருமி இல்லை, ஆனால் மூன்றாவது தடவையாகப் புண். மூட்டுவலிக்கு மட்டும் மெடிக்கலில் வாங்கிப் போடுவார், அதுவும் சாப்பிட்ட பிறகுதான்.

பதில்: அந்த ‘மட்டும்’தான் விஷயம். "வலி மாத்திரையே போடுவதில்லை டாக்டர்" என்பவர்களிடம் பையைக் கொட்டச் சொல்வேன். காகித உறைக்குள் பாதி வெட்டிய அட்டை இருக்கும், பெரும்பாலும் டைக்ளோஃபினாக். இவை ரத்தத்தில் கலந்தபின் இரைப்பைச் சுவரின் பாதுகாப்பைக் குறைக்கின்றன. அதனால் சாப்பிட்ட பிறகு போட்டாலும், ஊசியாகப் போட்டாலும் ஆபத்து போகாது. அந்த அட்டையை டாக்டரிடம் காட்டி வேறு வழி கேளுங்கள். இதயத்துக்கான ஆஸ்பிரின் வேறு கதை. அதை நீங்களாக நிறுத்தவே கூடாது.

கேள்வி: இரைப்பையில் புண். வலி சுத்தமாக இல்லை. எட்டு வாரம் கழித்து மறுபடி எண்டோஸ்கோப்பி அவசியமா?

பதில்: அவசியம். சில நேரம் புற்றுநோயும் புண் போலவே இருக்கும். மாத்திரையில் அதன் வலியும் குறையலாம். முன்சிறுகுடல் புண்ணுக்குப் பொதுவாக இது தேவைப்படாது.

கேள்வி: பால் குடித்தால் நல்லதா?

பதில்: கொஞ்ச நேரம் இதம், அப்புறம் அமிலம் கூடும். பாலை விடுங்கள், சிகரெட் பிடிப்பீர்களா? முதலில் அதை நிறுத்துங்கள்.

கேள்வி: நேற்றிலிருந்து மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போகிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது. இரும்புச்சத்து மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை.

பதில்: புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது போலிருக்கிறது. இப்போதே யாரையாவது கூட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம்.