கணினி கேள்வி–பதில்: மேக் ஓஎஸ்ஸுக்காக ஓர் அசெம்பிள்டு கணினி

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. ஆப்பிள் தயாரிக்காத, கடையில் பாகங்கள் வாங்கிப் பொருத்திய கணினியில் ஆப்பிளின் இயங்குதளமான மேக் ஓஎஸ்ஸை நிறுவுவது எப்படி என்பதே அது. ஹேக்கின்டாஷ் என்று இதற்குப் பெயர். அக்கடிதங்களை மட்டும் தொகுத்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: திருமண வீடியோக்களைத் தொகுத்துத் தரும் தொழில் செய்கிறேன். ஆப்பிளின் ஃபைனல் கட் புரோ நிரலைப் பழகியிருக்கிறேன். 13ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி என்று கடைக்காரர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இதில் மேக் ஓஎஸ் ஓடுமா? – வாசகர், ஈரோடு

பதில்: இது விண்டோஸுக்கு நல்ல கொட்டேஷன்; மேக் ஓஎஸ்ஸுக்கு உதவாது. முதல் தடை அந்த ஆர்டிஎக்ஸ் 3060. மேக் ஓஎஸ்ஸில் இருக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர்கள் (கார்டை இயக்கும் நிரல்கள்) ஆப்பிள் தன் கணினிகளில் பயன்படுத்திய சில்லுகளுக்காக எழுதப்பட்டவை. அந்தச் சில்லு உங்கள் கார்டில் இருந்தால் கணினி ஓடும், இல்லையென்றால் எத்தனை விலையுயர்ந்த கார்டாக இருந்தாலும் படம் மட்டும் தெரியும், வேகம் வராது. என்விடியா நிறுவனம் தன் மேக்ஸ்வெல், பாஸ்கல் வரிசைக் கார்டுகளுக்குத் தானே டிரைவர் வெளியிட்டு வந்தது 2017இல் வந்த ஹை சியரா என்ற மேக் ஓஎஸ் பதிப்போடு நின்றுவிட்டது. அதற்கும் பழைய கெப்ளர் வரிசைக்கான டிரைவரை ஆப்பிள் 2021இல் மான்டரே பதிப்பில் நீக்கிவிட்டது. ஆர்டிஎக்ஸ் என்ற பெயர் தாங்கிய எந்தக் கார்டுக்கும் மேக் டிரைவர் ஒருபோதும் வந்ததில்லை. ஃபைனல் கட் புரோவோ மெட்டல் என்ற ஆப்பிளின் கிராஃபிக்ஸ் தொழில்நுட்பத்தை நம்பியே இயங்குவது. ஆகவே உங்கள் தொழிலுக்கு அந்தக் கார்டு இருந்தும் இல்லாததுதான்.

எனவே கொட்டேஷனைக் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்கி எழுதச் சொல்லுங்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570, 580 ஆகியவை பழையவையானாலும் ஒத்துழைப்பவை. 5500 எக்ஸ்டி, 5700 எக்ஸ்டி, 6600, 6600 எக்ஸ்டி, 6800, 6900 எக்ஸ்டி ஆகியவையும் ஓடும். இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, 6600உம் 6800உம் ஓடுகின்றனவே, நடுவிலுள்ள 6700 எக்ஸ்டி ஓடாமலா போகும் என்று எண்ணி வாங்கியவர்கள் பலர். ஆப்பிளின் டிரைவரோடு அது ஓடாது. 2019ஆம் ஆண்டின் மேக் புரோவுக்காக ஆப்பிள் விற்ற கார்டுகளில் 6800, 6900 வகைச் சில்லும் 6600 வகைச் சில்லும் இருந்தன. 6700 வகைச் சில்லை ஆப்பிள் எதிலும் பயன்படுத்தவில்லை, ஆகவே டிரைவரும் எழுதவில்லை. அதே காரணத்தால் 6400, 6500 எக்ஸ்டி, 7000 வரிசை முழுவதும், இன்டெலின் ஆர்க் கார்டுகள் ஆகியவற்றையும் விலக்கிவிடுங்கள்.

உங்கள் வேலைக்கு 6600 போதும் என்பது என் கருத்து. 132 வாட் மட்டுமே இழுக்கும். ஒரே ஒரு 8 பின் இணைப்புப் போதும். தரமான 550 வாட் பவர் சப்ளை தாராளம். ஆனால் 5000, 6000 வரிசைக் கார்டுகளில் 'பிகேரா' (pikera) என்று முடியும் ஒரு துவக்கச் சொல்லைச் சேர்க்காவிட்டால் ஆப்பிள் சின்னத்துக்குப் பிறகு திரை கறுத்து நின்றுவிடும். கார்டு பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

அடுத்தது பிராசஸர். 13ஆம் தலைமுறையை ஓட்டவே முடியாது என்றில்லை. ஓப்பன்கோர் என்ற துவக்க நிரல், பிராசஸரைப் பத்தாம் தலைமுறைச் சில்லாக மேக் ஓஎஸ்ஸிடம் அறிமுகம் செய்துவைத்தால் அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதிலுள்ள உள்ளமைக் கிராஃபிக்ஸ் வேலை செய்யாது. வலிய கோர், சிக்கனக் கோர் என்ற இருவகைக் கோர்களைப் பிரித்தாளவும் மேக் ஓஎஸ்ஸின் இன்டெல் பதிப்புக்குத் தெரியாது, ஏனெனில் அப்படிப்பட்ட இன்டெல் சில்லுடன் ஆப்பிள் எந்தக் கணினியையும் விற்றதில்லை. 2020ஆம் ஆண்டின் 27 அங்குல ஐமேக்கில் இருந்தது இன்டெலின் பத்தாம் தலைமுறை. ஆகவே ஐ5-10400, ஐ7-10700 போன்றவை கிட்டத்தட்ட சொந்த வீட்டுக்குப் போவதுபோல் பொருந்திக்கொள்ளும். வாங்கும்போது எண்ணின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகையில் உள்ளமைக் கிராஃபிக்ஸ் கிடையாது. சில நூறு ரூபாய் மிச்சம் என்று நானே ஒருமுறை அதை வாங்கி, பிறகு கிராஃபிக்ஸ் கார்டு தகராறு செய்த நாளில் மானிட்டரைச் செருக வேறு வழியில்லாமல் விழித்திருக்கிறேன். வீடியோவை ஏற்றுமதி செய்யும் வேலையிலும் அந்த உள்ளமைக் கிராஃபிக்ஸ் கை கொடுக்கும்.

ரேமைப் பற்றிக் கவலை வேண்டாம். மேக் ஓஎஸ் அதில் எந்த முகம் சுளிப்பும் காட்டுவதில்லை.

கேள்வி: இது சட்டப்படி சரியா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆப்பிளின் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே நிறுவலாம் என்று மேக் ஓஎஸ்ஸின் உரிம ஒப்பந்தம் சொல்கிறது, ஆகவே ஹேக்கின்டாஷ் அந்த ஒப்பந்தத்தை மீறுவதுதான், அதில் ஐயமில்லை. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் மேக் ஓஎஸ் நிறுவிய கணினிகளைத் தயாரித்து விற்றபோது ஆப்பிள் 2008இல் வழக்குத் தொடர்ந்தது; 2009இல் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 2011இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. வீட்டில் ஒருவர் தனக்காகச் செய்து பார்ப்பதும் நிறுவிக் கொடுத்துக் காசு வாங்குவதும் ஒன்றல்ல. பின்னதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஐ5-10400 பிராசஸரும் பி560 மதர்போர்டும் வாங்கினேன். பிராசஸரை ஒட்டியுள்ள எம்.2 இடத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்தினால் பயாஸில்கூட (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) தெரியவில்லை. போர்டு பழுதா? – வாசகர், மதுரை

பதில்: போர்டில் பழுதில்லை. பி560 போர்டுகளில் அந்த முதல் எம்.2 இடம் நேரடியாகப் பிராசஸரோடு இணைக்கப்பட்டது. அதற்கான பாதை 11ஆம் தலைமுறைப் பிராசஸரில்தான் உண்டு. உங்களுடைய பத்தாம் தலைமுறையில் இல்லை. போர்டின் கையேட்டில் சிறிய எழுத்தில் இது அச்சிடப்பட்டிருக்கும். எஸ்எஸ்டியை இரண்டாவது எம்.2 இடத்துக்கு மாற்றுங்கள், தெரிந்துவிடும். இனி வாங்கப் போகிறவர்கள் பி460, இசட்490 போர்டுகளைத் தேடினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் இருக்காது. பி460இல் ஐ5 பிராசஸருக்கு ரேம் 2666 வேகத்தைத் தாண்டாது என்பதால், அதிக வேக ரேமுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டாம்.

எஸ்எஸ்டியைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினிகளிலிருந்து கழற்றி எடுத்து மலிவாக விற்கப்படும் எஸ்எஸ்டிகளில் சாம்சங் பிஎம்981, மைக்ரான் 2200எஸ் ஆகிய இரண்டும் மேக் ஓஎஸ்ஸோடு கொஞ்சமும் ஒத்துப்போகாதவை. நிறுவும்போதோ நிறுவிய பிறகோ கணினி திடீரெனச் செயலிழந்து மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருக்கும். காரணம் எஸ்எஸ்டி என்று ஊகிக்கவே பல நாள் ஆகும். இன்டெலின் ஆப்டேனையும் தவிர்த்துவிடுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்750, எஸ்என்770 போன்றவை தொல்லை தராதவை.

கேள்வி: ரைசன் பிராசஸர் வைத்திருக்கிறேன். அதில் முடியுமா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முடியும். ஏஎம்டி பிராசஸருடன் ஆப்பிள் மேக் விற்றதில்லை என்பதால் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே ஒட்டுகள் (பேட்ச்) போட வேண்டும். அவற்றை ஆர்வலர்கள் தயாரித்து வைத்திருக்கிறார்கள். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மெய்நிகர் கணினி நிரல்கள் பெரும்பாலும் ஓடாது, அடோபியின் சில நிரல்கள் சண்டித்தனம் செய்யும். கையில் இருப்பதை வைத்து முயன்று பாருங்கள். இதற்கென்று புதிதாக வாங்காதீர்கள்.

கேள்வி: ஐபோனிலிருந்து ஏர்டிராப் மூலம் படங்களை அனுப்ப வேண்டும். எந்த வைஃபை கார்டு வாங்கலாம்? – வாசகி, சென்னை

பதில்: 2023க்கு முன்பு கேட்டிருந்தால் பிராட்காம் 94360 கார்டு என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். பழைய மேக்குகளில் இருந்த கார்டு வகை அது. செருகிய உடனே ஏர்டிராப் வேலை செய்யும். 2023இல் வெளிவந்த சோனோமா பதிப்பில் அதற்கான டிரைவரை ஆப்பிள் நீக்கிவிட்டது. ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற கருவியால் அதைத் திரும்பச் சேர்க்கலாம். ஆனால் அதற்காக மேக் ஓஎஸ்ஸின் பாதுகாப்புப் பூட்டுகளைத் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு பதிப்பு மேம்பாட்டுக்குப் பிறகும் அந்தப் பேட்சை மீண்டும் போட வேண்டும். இன்டெல் வைஃபை சில்லுகளுக்கு ஆர்வலர்கள் எழுதிய டிரைவர் நன்றாகவே இணையத்தில் இணைக்கும், ஆனால் ஏர்டிராப் வராது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். ஐபோனைக் கேபிளில் செருகினால் படங்கள் வந்துவிடும். இணையத்துக்கு லேன் கேபிள் போடுங்கள். லேன் சில்லைப் பார்த்து மதர்போர்டு வாங்குவது வைஃபை கார்டைத் தேடுவதைவிடப் பயன் தரும். இன்டெல் ஐ219-வி, ரியல்டெக் 8111 ஆகியவற்றுக்கு நிலையான டிரைவர்கள் உண்டு. சில இசட்490 போர்டுகளில் வரும் இன்டெல் ஐ225-வி சில்லு இணைப்பைப் பாதியில் துண்டிக்கும் வழக்கமுடையது.

கேள்வி: நிறுவும் திரை வரை வந்துவிட்டேன். அங்கே விசைப்பலகையும் மவுஸும் செத்துவிடுகின்றன. விண்டோஸில் இரண்டும் நன்றாக இருக்கின்றன. – வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் மதர்போர்டில் யுஎஸ்பி துளைகள் அதிகம் என்பதே சிக்கல். 2015இல் வந்த எல் கேப்பிடன் பதிப்பு தொடங்கி, ஒரு யுஎஸ்பி கட்டுப்பாட்டுச் சில்லுக்கு 15 துளைகள் என்று மேக் ஓஎஸ் எல்லை வகுத்திருக்கிறது. ஆப்பிள் கணினிகளில் அத்தனை துளைகள் இல்லாததால் அவர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல. நம் போர்டுகளிலோ நீல நிற யுஎஸ்பி 3 துளை ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கிடப்படுகிறது. கேபினெட்டின் முன்பக்கத் துளைகளுக்கான உள் இணைப்புகள், வைஃபை கார்டிலுள்ள புளூடூத் ஆகியவையும் கணக்கில் சேரும். பதினைந்துக்கு மேற்பட்டவை கைவிடப்படும், உங்கள் விசைப்பலகை அப்படிக் கைவிடப்பட்ட துளையில் இருக்கிறது. இப்போதைக்கு அதைக் கறுப்பு நிற யுஎஸ்பி 2 துளைகளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு, யுஎஸ்பிடூல்பாக்ஸ் என்ற கருவியை விண்டோஸிலேயே ஓட்டி, உங்களுக்கு வேண்டிய துளைகளை மட்டும் குறித்து, அந்த வரைபடத்தை ஓப்பன்கோர் கோப்புறையில் சேர்ப்பதுதான். அலுப்பூட்டும் அரை மணி நேர வேலை அது. அதைச் செய்யாமல் விட்டவர்களுக்குத்தான் பின்னர் உறக்க நிலைக்குப் போன கணினி எழுந்திருக்க மறுக்கிறது.

கேள்வி: இன்னும் எத்தனை ஆண்டுகள் இது ஓடும்? – வாசகர், கோலாலம்பூர்

பதில்: நேராகவே சொல்கிறேன். தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறப்போவதாக ஆப்பிள் 2020 ஜூனில் அறிவித்தது. 2025 ஜூனில், டஹோ என்ற 26ஆம் பதிப்பே இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்றும் அறிவித்துவிட்டது. ஹேக்கின்டாஷ் இன்டெல் பதிப்பின் நிழலில் வாழ்வது. அந்தப் பதிப்பு நின்றால் இதற்கும் புதுப் பதிப்பு கிடையாது. டஹோவிலேயே மதர்போர்டின் ஆடியோவுக்கு ஆதாரமாக இருந்த ஆப்பிளின் பழைய டிரைவர் நீக்கப்பட்டுவிட்டது. யுஎஸ்பி ஆடியோ கருவி இல்லாதவர்கள் அதற்கு முந்தைய செக்வோயா பதிப்பில் நிற்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

ஆகவே எல்லாப் பாகங்களையும் புதிதாக வாங்கி இதைக் கட்டுவதற்கு இன்று நான் ஆதரவு தர மாட்டேன். எம்4 சில்லுள்ள மேக் மினி 2024இல் இந்தியாவில் ரூ. 59,900க்கு அறிமுகமானது, ஃபைனல் கட் அதில் எந்த வித்தையும் இல்லாமல் ஓடும். ஈரோட்டு வாசகர் தொழிலுக்காகக் கேட்கிறார், முகூர்த்த நாட்களுக்கு நடுவே கணினியோடு மல்லுக்கட்ட அவருக்கு நேரமிருக்காது. மேற்சொன்ன பாகங்களை விவரித்த பிறகும், அவருக்கு அந்த மேக் மினியையே பரிந்துரைக்கிறேன். பத்தாம் தலைமுறைப் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்து, ஒரு கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் வாங்கினால் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் துணிந்து இறங்கலாம்.

கேள்வி: அப்படிப்பட்ட பெட்டி என்னிடம் இருக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஏஎம்டி கார்டு வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? – வாசகர், செங்கல்பட்டு

பதில்: பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் இரண்டு உண்டு. உண்மையான 580இல் 2304 ஸ்ட்ரீம் பிராசஸர்கள் (சில்லுக்குள் கணக்கிடும் சிறு அலகுகள்) இருக்கும். '2048எஸ்பி' என்று குறிக்கப்படுவது உள்ளுக்குள் 570தான். ஆர்எக்ஸ் 550இலும் இதே குளறுபடி. பாஃபின் சில்லுள்ளது ஓடும், லெக்ஸா சில்லுள்ளது ஓடாது. கடையிலேயே ஒரு விண்டோஸ் கணினியில் கார்டைச் செருகி, ஜிபியு-இசட் என்ற இலவச நிரலைத் திறந்து, சில்லின் பெயரையும் ஸ்ட்ரீம் பிராசஸர் எண்ணிக்கையையும் படித்துப் பாருங்கள். கிரிப்டோ நாணயச் சுரங்கத்தில் இரவு பகலாக ஓடிய கார்டுகளும் சந்தையில் இருப்பதால், பத்து நிமிடமாவது அதை முழு வேகத்தில் ஓடவிட்டு, விசிறிகள் எல்லாம் சுற்றுகின்றனவா, திரையில் புள்ளியோ கோடோ தோன்றுகிறதா என்று கவனியுங்கள். சோதித்துப் பார்க்கச் சம்மதிக்காத கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.