ஜோஷுவா ட்ரீக்கு அம்மாவோடும் குழந்தையோடும் ஒரு நாள்

தம்பி, கலிபோர்னியாவில் இர்வைனுக்குக் குடிவந்து நாலு மாதம் ஆகிறது, ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், ஆறு வயதில் பையன் இருக்கிறான், நவம்பரில் நன்றி நாள் (தாங்க்ஸ்கிவிங்) விடுமுறைக்கு ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவை ஒரே நாளில் பார்த்துவிட்டு வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். மாதமும் சரியான மாதம்தான்.

நாங்கள் அமெரிக்கா வந்த முதல் வருடம் ஜூலையில் போனோம். பூங்கா என்றால் உள்ளே ஒரு கடையாவது இருக்கும் என்று நினைத்து, நாலு பேருக்கு இரண்டு தண்ணீர் பாட்டில்தான் எடுத்துப் போனோம். அது 3,200 சதுர கிலோமீட்டர் பாலைவனம். உள்ளே கடை கிடையாது, பெட்ரோல் கிடையாது, பெரும்பாலான இடங்களில் போனில் சிக்னலும் கிடையாது. வெயில் 38 டிகிரியைத் தாண்டியிருந்தது. பதினொரு மணிக்கே என் அம்மா தலை சுற்றுகிறது என்று காரில் சாய்ந்துவிட்டார். அன்றைக்குப் பட்ட பயம் இன்னும் எனக்குப் போகவில்லை. அதனால்தான் முதலில் தண்ணீரைச் சொல்கிறேன். ஆளுக்கு நாலு லிட்டர், குளிர்காலம்தானே என்று குறைக்க வேண்டாம். வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிவிடுங்கள். டேங்க்கையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள். 10ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் பாம் ஸ்பிரிங்ஸ் வருவதற்குள் காற்றாலைகள் வரிசையாக நிற்கும், பையன் கண்கொட்டாமல் பார்ப்பான். அங்கே 62ஆம் சாலைக்குத் திரும்பி மேற்கு வாசல் வழியாக உள்ளே போங்கள். காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். விடுமுறை நாளில் அந்த வாசலில் வரிசை நீளும், எட்டு மணிக்குள் போய்விட்டால் நல்லது.

முதலில் ஹிடன் வேலி. பாறைகளுக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் சுற்றுப்பாதை, பையன் ஓடித் தீர்ப்பான். அம்மாவுக்கு முட்டி வலி என்றால் கேப் ராக் போதும், பாதை சமமாக இருக்கும். பூங்காவுக்குப் பேர் தந்த ஜோஷுவா மரங்களை அவருக்குக் கிட்டத்தில் காட்டுங்கள். யக்கா இனம், நம் ஊர் ரயில் கற்றாழைக்குத் தூரத்து உறவு. வருடத்துக்கு ஓரிரு அங்குலம்தான் வளரும். யக்கா அந்துப்பூச்சி வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய்க்கும், அந்தப் பூச்சியின் புழுவுக்கும் அந்த விதைதான் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், காரில் கெடாது. கழிப்பறை இருக்கும், கை கழுவத் தண்ணீர் இருக்காது.

மதியம் கீஸ் வியூ. 1,500 மீட்டருக்கு மேல் உயரம், காற்று பிடுங்கும். கீழே கோச்செல்லா பள்ளத்தாக்கும் சான் ஆண்ட்ரியாஸ் நிலநடுக்கப் பிளவும் தெரியும். மண்டையோடு மாதிரி இருக்கும் ஸ்கல் ராக் பாறையில் ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

அப்புறம் தெற்கே இறங்கினால் சோயா (Cholla) என்ற கள்ளி வகையின் தோட்டம். சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழும்போது ஒவ்வொரு செடியும் திரி ஏற்றியது போல மின்னும். பையன் கையை விடாதீர்கள். தூரத்தில் பஞ்சு மாதிரி இருக்கும், லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். என் மகன் கெண்டைக்காலில் ஒட்டியதை நான் கையால் பிடுங்கப் போய், அது என் விரலில் ஏறியது. முள் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள், இழுக்க இழுக்கச் சதையும் கூடவே எழும்பியது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா ஓடி வந்து, சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்து ஒரே தட்டாகத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் காரில் ஒரு சீப்பு இருக்கிறது.

நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், உடனே குளிர் இறங்கும். அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காதுக்குத் துணியும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வந்த வழியே திரும்பாமல் காட்டன்வுட் வாசல் வழியாக 10ஆம் சாலையைப் பிடியுங்கள். வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் இருங்கள். என் அம்மா அங்கேதான், கிராமத்தில் மொட்டை மாடியில் படுத்துப் பார்த்த வானம் இது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.